கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சிவில்: உத்தரத்துக்கு ஞானஸ்நானம் உண்டா?

2024 பிப்ரவரி 11, காலை (கேள்வி)

அக்கா, வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் சிவில் மற்றும் சுற்றுச்சூழல் பொறியியல் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் சொன்னதும் பெரியப்பா, "பாதிரியார் ஆகப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டார். நண்பன் ஒருவன், "அங்கே பாதி நேரம் ஜெபம்தான்" என்கிறான். நீங்கள் அங்கே படித்தவர் என்று பழைய பதிவில் பார்த்தேன். சிவிலில் கத்தோலிக்க சிவில் என்று தனியாக ஒன்று இருக்கிறதா?

2024 பிப்ரவரி 11, இரவு

இல்லை. உத்தரம் வளைவதற்கான சூத்திரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. மண் அழுத்தம், கான்கிரீட் கலவை, குழாய் ஓட்டம் எல்லாம் மற்ற இடங்களில் உள்ளவைதான்.

அமெரிக்க ஆயர்கள் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 1887இல் போப் பதின்மூன்றாம் லியோ அனுமதி தந்தார். 1889இல் வகுப்புகள் தொடங்கின. நகரின் வடகிழக்கில் புரூக்லேண்ட் என்ற பகுதி. சுற்றிலும் மடங்களும் குருமடங்களும் நிறைந்திருப்பதால் அதற்குச் சின்ன ரோம் என்று பட்டப்பெயர். மெட்ரோ சிவப்புத் தடத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது. பொறியியல் துறைகள் பாங்பார்ன் ஹால் என்ற கட்டிடத்தில்.

இளநிலை மாணவர்கள் தத்துவமும் இறையியலும் கட்டாயம் படிக்க வேண்டும். முதுநிலைக்கு அது கிடையாது. நான் 2011இலிருந்து 2013 வரை படித்தேன். பகலில் ஒரு சிறிய வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை, மாலையில் வகுப்பு. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே வேலையிலிருந்து நேராக வந்து, பசியில் முகம் வாடி உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் ஜெபிக்கச் சொன்னதில்லை. தேர்வுக்கு முந்தின இரவு நானாகவே செய்தது வேறு கணக்கு.

ஒரு வேடிக்கை. அங்கே இளநிலைப் பட்டத்தின் பெயர் பேச்சலர் ஆஃப் சிவில் இன்ஜினியரிங். சுருக்கினால் பி.சி.இ. ஆங்கிலத்தில் பொது ஆண்டுக்கு முன் என்பதற்கும் அதே சுருக்கம்தான். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே முடித்துவிட்ட பட்டம் போல இருக்கும்.

2024 பிப்ரவரி 12

"பி.இ. முடித்துவிட்டுத்தானே போகிறான், அங்கே மறுபடி பி.இ. எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு. நம் ஊர் பி.இ. பேச்சலர் ஆஃப் இன்ஜினியரிங் பட்டம். அமெரிக்காவில் பி.இ. என்பது ப்ரொஃபெஷனல் இன்ஜினியர், அதாவது உரிமம் பெற்ற பொறியாளர் என்ற தகுதி. முதலில் எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, பிறகு சில ஆண்டு அனுபவம், பிறகு பி.இ. தேர்வு. வரைபடத்தில் முத்திரை குத்தும் அதிகாரம் அதற்குத்தான். நேர்காணலில் பி.இ. வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் முத்திரை எண்ணைக் கேட்டதும் விழித்தவர்களில் நானும் ஒருத்தி.

2024 பிப்ரவரி 14, மாலை 6 மணி

தம்பி, கட்டமைப்புப் பொறியியலில் ஆர்வம் என்கிறாய். அப்படியானால் வளாகத்தை ஒட்டி நிற்கும் பேராலயத்தை வகுப்பறையாக நினைத்துக்கொள். அமலோற்பவ அன்னையின் தேசியத் திருத்தலம். 1920இல் அடிக்கல் நட்டார்கள், மேல் ஆலயம் 1959இல் அர்ச்சிக்கப்பட்டது. எஃகுச் சட்டகம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் கான்கிரீட்டுமாக, பழைய காலத்து முறையில் எழுப்பினார்கள். மணிக்கூண்டின் உயரம் 329 அடி. சுமை எங்கே இறங்குகிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடிகிற கட்டிடம் அது.

நான் போய் இறங்கிய சில நாட்களில், 2011 ஆகஸ்ட் 23 மதியம், வர்ஜீனியாவில் 5.8 அளவில் நிலநடுக்கம். வகுப்புகூடத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நிலநடுக்கமே வராது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். பேராலயத்தின் உச்சிக் கூம்புகள் விழுந்த படத்தை அன்று மாலை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

2024 பிப்ரவரி 14, இரவு 8 மணி

தவறாக எழுதிவிட்டேன். கூம்புகள் விழுந்தது வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில். அது நகரின் வடமேற்கில் உள்ள கோதிக் பாணிக் கட்டிடம், எபிஸ்கோப்பல் சபையினுடையது, கத்தோலிக்கருடையது இல்லை. இரண்டையும் குழப்பாதவர்கள் நகரில் குறைவு, டாக்சி ஓட்டுநர்கள் உட்பட. நான் இரண்டு ஆண்டு பக்கத்திலேயே இருந்தும் குழப்புகிறேன் என்றால் என்ன சொல்ல.

வாஷிங்டன் நினைவுத்தூணில் விரிசல் விழுந்ததும், பொறியாளர்கள் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்ததும் அப்போதுதான். 2014 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். கயிற்றில் தொங்கியவர்களைப் பார்த்துவிட்டு எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குக் கட்டமைப்புப் பொறியியல் மோகம் பிடித்தது. எனக்கும்தான். அடுத்த கோடையில் அது போய்விட்டது. காரணம் சாக்கடை. நாளை எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 18

நாளை என்றேன், நான்கு நாள் ஆகிவிட்டது.

வாடகை குறைவு என்று புளூமிங்டேல் பகுதியில் ஒரு நிலவறை அறையில் இருந்தேன். வளாகத்திலிருந்து தென்மேற்கே, சரிவில் இறங்கினால் வரும் பகுதி. சரிவில் இறங்கினால் என்று எழுதும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். சிவில் படித்த எனக்கு அன்று புரியவில்லை. வீடு பார்க்கப் போகும்போது ஜன்னலைப் பார்த்தேன், அடுப்பைப் பார்த்தேன், தரையில் இருந்த வடிகால் மூடியைப் பார்க்கவில்லை.

2012 கோடையில் அந்தப் பகுதியில் பலமுறை வெள்ளம். ஜூலை மாதத்தில் ஒரு மாலை, முக்கால் மணி நேரம்கூடப் பெய்திருக்காது. மழை வாசல் வழியாக வரும் என்று துணியைச் சுருட்டிக் கதவடியில் வைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பின்னால் இருந்து வந்தது, தரை வடிகாலில் இருந்து, கொப்பளித்துக்கொண்டு. அது வெறும் மழைநீராக இல்லை என்பதை மூக்கு சொன்னது.

வாஷிங்டனின் மூன்றில் ஒரு பங்குப் பரப்பில் மழைநீருக்கும் கழிவறைக் கழிவுக்கும் ஒரே குழாய்தான். 19ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. மழை இல்லாத நாளில் எல்லாம் நகரின் தெற்கே உள்ள புளூ பிளெய்ன்ஸ் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பெருமழையில் குழாய் நிரம்பினால், மிகுதி அப்படியே ஆற்றில் விழும். அனகோஸ்டியா ஆறு நாறியதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. ஆற்றை எட்டுவதற்கு முன்பே குழாய் திணறினால்? பள்ளத்தில் இருப்பவர் வீட்டுத் தரை வழியாக எழும். அந்தப் பள்ளத்தில் என் பாய் இருந்தது, இரண்டு பாடப் புத்தகங்கள் இருந்தன, அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் பெட்டி இருந்தது. ஊறுகாய் மட்டும் தப்பியது, மூடி அப்படி.

கழிவு திரும்பி ஏறாமல் தடுக்கும் ஒருவழி வால்வு பொருத்தியிருந்தால் இது நடந்திருக்காது. பிறகு நகர நிர்வாகம் அதற்கு மானியமே கொடுத்தது. வீட்டுக்காரர் அதற்குள் என்னைக் குறை சொல்லி முடித்திருந்தார், நான் வடிகாலில் எதையோ போட்டு அடைத்துவிட்டேனாம்.

2024 பிப்ரவரி 19

"இப்போதும் அப்படித்தானா?" என்று தம்பி கேட்கிறான். பயப்படாதே, நிலத்துக்குள் பெரிய வேலை நடந்து முடிந்திருக்கிறது. புளூமிங்டேலுக்கு அடியில் முதலாம் தெருச் சுரங்கம் 2016இல் வந்தது. வடகிழக்கு எல்லைச் சுரங்கம் 2023 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. நீளம் 5 மைல், உள்விட்டம் 23 அடி. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 மீட்டர் விட்டம் என்றால் குறுக்குப் பரப்பு 38.5 சதுர மீட்டர், 8 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் சுமார் 3 லட்சத்து 8 ஆயிரம் கன மீட்டர். 30 கோடி லிட்டருக்கு மேல். ஒரு சதுர கிலோமீட்டரில் 25 மில்லிமீட்டர் மழை ஒரு சொட்டும் உறிஞ்சப்படாமல் ஓடினால் 25 ஆயிரம் கன மீட்டர். அப்படிப் பன்னிரண்டு சதுர கிலோமீட்டரை அந்தச் சுரங்கம் ஒன்றே விழுங்கும். மழை ஓய்ந்த பிறகு சுத்திகரிப்பு நிலையத்துக்கு இறைத்து அனுப்புவார்கள்.

15 ஆண்டு மழையைத் தாங்கும் அளவுக்குச் செய்திருக்கிறார்கள். அதாவது 15 ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வெள்ளம்.

2024 பிப்ரவரி 19, சற்றுப் பின்

கடைசி வரியை நானே வெட்டுகிறேன், யாரும் திட்டுவதற்கு முன். 15 ஆண்டு மழை என்றால் எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்குப் பதினைந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. வெள்ள வாய்ப்பு ஆண்டுக்கு 50 சதவீதமாக இருந்தது 7 சதவீதமாகக் குறைந்தது என்று நகரின் நீர் நிர்வாகம் சொல்வது இதைத்தான். போன ஆண்டு வந்துவிட்டது, இனி 14 ஆண்டு நிம்மதி என்று மழை கணக்கு வைத்துக்கொள்வதில்லை. நான்கு ஆண்டு அங்கே குடியிருந்தால் ஒருமுறையாவது அப்படி மழை வர வாய்ப்பு 24 சதவீதம். பதினைந்தில் பதினான்கை நான்கு முறை பெருக்கி, ஒன்றிலிருந்து கழியுங்கள்.

நிலவறையில் வீடு எடுக்காதே தம்பி. சுரங்கம் வந்தாலும் எடுக்காதே.

2024 பிப்ரவரி 25

"ஆக, கத்தோலிக்கம் என்பது பெயர்ப்பலகை மட்டும்தான், ஒப்புக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் மடக்குகிறார். முதல் நாள் நானும் அப்படித்தான் எழுதினேன். இரண்டு வாரமாக மனதில் உறுத்துகிறது.

மழைக் கட்டணம் என்று ஒன்று அந்த நகரில் உண்டு. சுரங்கங்களுக்குப் பணம் வேண்டுமே. 2009இலிருந்து, நீர் புகாத பரப்புக்கு ஏற்ப ஒவ்வொரு சொத்துக்கும் கட்டணம். கூரை, சிமெண்ட் முற்றம், வாகன நிறுத்தம், தனியார் சாலை எல்லாம் சேரும், புல்தரை சேராது. 1,000 சதுர அடி ஓர் அலகு. இதைக் கேட்டதும் எனக்கு நியாயமாகவே தோன்றியது. முன்பு தண்ணீர் எவ்வளவு பயன்படுத்துகிறாயோ அதற்கேற்பத்தான் கழிவுநீர்க் கட்டணம். ஆறு பேர் நெருக்கியடித்து வாழும் வீட்டில் துவைக்கிற துணிக்கெல்லாம் காசு. குழாயே இல்லாத பெரிய வாகன நிறுத்துமிடம் மழைநீரை முழுக்கத் தெருவில் தள்ளிவிட்டு ஒரு சென்ட்கூடக் கொடுக்காது. புதிய முறையில் அது மாறியது.

மாலை வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மாணவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், தன் பங்கு ஆலயத்தின் கணக்குகளைப் பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிரம்பும் வாகன நிறுத்தம், பழைய பெரிய கூரை, குறைந்துகொண்டே போகும் காணிக்கை. கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, அதைக் கட்டினால் ஏழைகளுக்குக் கொடுக்கும் சாப்பாட்டுக் கூடையைக் குறைக்க வேண்டும் என்றார். கல்லறைத் தோட்டங்களுக்கும் அதே நிலைதான். உள்ளே போகும் பாதையெல்லாம் கணக்கில் வரும். செத்தவர்களிடம் வசூலிக்க முடியாது.

நான் எழுந்து, கூரை யாருடையது என்று மழை பார்ப்பதில்லையே, உங்கள் கூரைத் தண்ணீர்தான் என் பாயை நனைத்தது என்று சொல்லிவிட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர் கோபப்படவில்லை. "உங்கள் பாய்க்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எவ்வளவு என்றுதான் தெரியவில்லை" என்றார்.

அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அந்த எவ்வளவுதான். ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுப் பலகையில் ஒரு மாதிரித் தேவாலயத்தை வரைந்தார். கூரை, முற்றம், புல். ஓட்டக் குணகம் (பெய்த மழையில் உறிஞ்சப்படாமல் ஓடிவிடும் பங்கு), மழைச் செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கினால் உச்ச ஓட்டம். ஒரு ஏக்கர் சிமெண்டில் மணிக்கு ஓர் அங்குல மழை பெய்தால் நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கன அடி, நினைவில் வைக்க எளிது. வாகன நிறுத்தத்தில் பாதியை நீர் புகும் தளமாக மாற்றினால் எவ்வளவு குறையும், ஓரத்தில் மழைநீரை உறிஞ்சும் மழைத் தோட்டம் போட்டால் எவ்வளவு, செலவு எத்தனை ஆண்டில் திரும்பும். வேறு பல்கலைக்கழகத்திலும் இந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள். ஆனால் கட்டணம் கட்டுகிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போட்டிருப்பார்களா?

போப் பிரான்சிஸின் சுற்றுமடலில் பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று இருப்பதையும் அன்று யாரோ சொன்னார்கள் என்று ஞாபகம்.

2024 பிப்ரவரி 26

அந்தக் கடைசி வரி சாத்தியமே இல்லை. சுற்றுமடல், லவுதாத்தோ சி, 2015இல் வந்தது. நான் 2013இலேயே முடித்துவிட்டேன். 30ஆம் பத்தியில் அப்படி எழுதியிருப்பது உண்மை, ஆனால் வகுப்பில் பேசியிருக்க முடியாது. பின்னால் படித்ததை மனம் முன்னால் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. மற்றதெல்லாம் நடந்ததுதானா என்று கேட்பீர்கள். பாய் நிச்சயம் நனைந்தது.

கட்டணத்தைப் பற்றி அன்று பேசிய வேகத்தில் இன்று பேச மாட்டேன். முறை சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் ஒரே குழாயில் இரண்டையும் விட்டவர்களின் கணக்கை, இன்று கூரை வைத்திருப்பவர் தலையில் ஒரே தவணையில் ஏற்றுவது வேறு விஷயம். நகரமும் பின்னாளில் லாப நோக்கற்ற அமைப்புகளுக்குச் சலுகைத் திட்டம் கொண்டுவந்தது.

2024 மார்ச் 3

"உலகின் முதல் காற்றுச் சுரங்கம் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான்" என்று யாரோ பெருமை பேசியிருக்கிறார்கள். நிலத்தடிச் சுரங்கம் இல்லை இது, உள்ளே காற்றை வீசவிட்டுப் பொருட்களைச் சோதிக்கும் பெரிய குழாய். இல்லை. முதலாவது 1871இல் இங்கிலாந்தில் வென்ஹம் செய்தது. ஆனால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இயக்கவியல் பேராசிரியராக இருந்த ஆல்பர்ட் ஸாம் 1901இல் கட்டியது பெரியது, வாய் 6 அடிக்கு 6 அடி. அதே ஆண்டு ரைட் சகோதரர்கள் தங்கள் கடையில் செய்த மரப்பெட்டியின் வாய் 16 அங்குலம்தான். பறந்தது அவர்கள். பின்னால் ஸாம் அவர்களுக்கு எதிராக வழக்கில் சாட்சி சொன்னார், அது கசப்பான கதை.

இதைத் தேடப்போய் எனக்கு ஒன்று சிக்கியது, இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஸாம் அந்தச் சுரங்கத்தில் வழவழப்பான பலகைகளின் மீது காற்று உரசுவதை அளந்தார். 1904இல் வந்த முடிவு: உராய்வு, வேகத்தின் 1.85 அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. சிவில்காரர்களே, 1.85 என்றால் என்ன நினைவுக்கு வருகிறது? குடிநீர்க் குழாயில் அழுத்த இழப்புக்கான ஹேசன் வில்லியம்ஸ் சூத்திரம். அதிலும் ஓட்டத்தின் அடுக்கு 1.85. அந்த அட்டவணைகள் 1905இல் வந்தன. அந்த ஆலன் ஹேசன் யார்? வாஷிங்டனுக்கு மெது மணல் வடிகட்டி (குடிநீரை மணல் வழியாக மெதுவாக இறக்கிச் சுத்தம் செய்வது) வேண்டும் என்று பரிந்துரைத்த நிபுணர்களில் ஒருவர். அந்த வடிகட்டி 1905இல் திறக்கப்பட்ட மெக்மில்லன் நிலையம். வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரம். டைபாய்டை விரட்டக் கட்டியது.

ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் ஒரு மைல். இரண்டிலும் அதே எண்.

2024 மார்ச் 4

தூங்கி எழுந்து பார்த்தால் அவ்வளவு மர்மம் இல்லை. வழவழப்பான பரப்பில் கொந்தளிப்பாக ஓடும் எதற்கும், காற்றோ நீரோ, அந்த அடுக்கு 1.75க்கும் 2க்கும் இடையில்தான் விழும். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. இயற்பியல் ஒன்றே, அதனால் எண்ணும் பக்கத்தில் வந்தது. இருந்தாலும் நேற்று இரவு இனித்தது.

மெக்மில்லனுக்கு இன்னொரு கதையும் உண்டு. கைவிடப்பட்ட அந்த மணல் அறைகளில் சிலவற்றைத்தான் 2012 வெள்ளத்துக்குப் பிறகு மழைநீரைத் தேக்கும் தொட்டியாக மாற்றினார்கள், பெரிய சுரங்கம் வரும்வரை சமாளிக்க. குடிநீருக்காகக் கட்டியது, என் அறையைக் காப்பாற்ற வந்தது. நான் அதற்குள் இரண்டாம் மாடிக்கு மாறிவிட்டேன்.

2024 ஏப்ரல் 7

சுரங்கம் துளைக்கும் இயந்திரங்களுக்குப் பெண் பெயர் ஏன் என்ற கேள்விக்கு. சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாவலர் புனித பார்பரா, திருநாள் டிசம்பர் 4. அந்த வழக்கத்தை ஒட்டி இயந்திரத்துக்கும் பெண் பெயர். வாஷிங்டனில் லேடி பேர்ட், நானி, லூசி. நானி என்பது நானி ஹெலன் பர்ரோஸ் நினைவாக, லூசி என்பது லூசி டிக்ஸ் ஸ்லோ நினைவாக. இருவரும் அந்த நகரில் வாழ்ந்த கருப்பினக் கல்வியாளர்கள். புளூமிங்டேலுக்கு அடியில் துளைத்தது லூசி. ஜெபம் செய்யும் பொறியாளர்களைத் தேடுகிற நண்பனிடம் சொல் தம்பி, பல்கலைக்கழகத்தில் தேடாதே, சுரங்க வாயில்களில் பார்பரா சிலைக்கு முன்னால் போய்ப் பார் என்று.

2024 ஆகஸ்ட் 25

தம்பி போய்ச் சேர்ந்துவிட்டான். மூன்றாம் மாடி அறையாம். நேற்று ஒரு படம் அனுப்பினான், வடக்கு கேபிடல் தெரு ஓரமாக வேலிக்குப் பின்னால் கொடி படர்ந்து நிற்கும் உருளைக் கோபுரங்கள். "அக்கா, இது என்ன பழைய கோட்டையா?" என்று கேட்டிருந்தான்.

மார்ச் 3ஐப் படி என்று பதில் போட்டேன். அவை மணல் சேமித்து வைத்த கோபுரங்கள்.